வினிஃப்ரெட் மனுசியின் கல்வெட்டு

உதிலை இருங்கோ தம்பி. உந்தப் பெட்டியைத் தள்ளிப்போட்டு இருங்கோ, நாய்ச்சாப்பாடுதான், ஒண்டும் செய்யாது. லெஸ்ரரிலையிருந்து காரோடி வந்தனீங்களோ? ஒரு கல்வெட்டுக்காக இவ்வளவு தூரம் வந்திருக்கிறியள் எண்டால் என்ரை பெயர் அங்கையும் அடிபடுகுது எண்டுதானே கருத்து. சந்தோசம். பெயர் என்ன சொன்னியள்? நிருபன். நல்ல பெயர். தேத்தண்ணி ஆறப் போகுது, குடியுங்கோ.

அம்மா காலமாயிட்டா எண்டியள். கவலையான விசயம். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு முதல் அவவின்ரை நினைவுக்குக் கல்வெட்டுப் புத்தகம் அடிக்க வேணும். வம்சாவளியிலை அம்மாவின்ரை பக்கம் சிக்கல். கூடப்பிறந்ததுகள் அவவோடை கதைக்கிறேல்லை. அவையளைக் கேக்காமல் அவையின்ரை பெயரைப் போடலாமோ எண்டு கேக்க வந்தனீங்கள். இதுதானே? விளங்கிச்சுது. இனி நீங்கள் வாய் திறக்கத் தேவையில்லை, நான் சொல்லுறன்.

கேக்கத் தேவையில்லை! இதென்ன கேள்வி? கூடப்பிறந்ததுக்கு ஆரிட்டைப் போய்ப் பேர்மிசன் கேக்கிறது? உங்கடை மாமன்மார் என்ன, பெரிய கொம்பன்மாரோ? உயிரோடை இருக்கேக்கை கதைக்கேல்லை, சரி, ரோசம் எண்டு வைப்பம். செத்தாப்பிறகும் பெயரைப் போடப் பயந்து பிள்ளை ஊரூராத் திரியுது. என்னட்டைக் கூட்டிக்கொண்டு வாங்கோ அந்த மாமன்மாரை. நான் கதைக்கிறன். வெள்ளைக்காரனுக்கே பாடம் எடுத்தனான், எங்கடை ஆக்களுக்கு எடுக்க மாட்டனே?

இல்லை, பொறுங்கோ. நீங்கள் என்னவோ சொல்ல வாறியள், தெரியுது. அதைப் பேந்து கதைப்பம். முதல் வினிஃப்ரெட் மனுசியின்ரை கதையைக் கேளுங்கோ. அது விளங்கினால்தான் நான் என்ன மாதிரி வேலை செய்யிறனான் எண்டு உங்களுக்கு விளங்கும்.

இந்த ஊர் நெதர் தோர்ன்பி. வரேக்கை பாத்திருப்பியள், ஒரு சேர்ச், ஒரு குடிக்கிற கடை, என்ரை கடை. மிச்சமெல்லாம் சீனி காய்ச்சிற சீனிக்கிழங்கு வயல். ஆனால் பெருமையைக் கேட்டால் லண்டன் தோத்துப் போகும். சேர்ச்சுக்குள்ளை போங்கோ, சுவர் முழுக்கக் கல்லு, பித்தளைத் தகடு. இன்னாற்றை மகன் இன்னார், இன்ன சண்டையிலை செத்தவர். இன்னாற்றை பெண்சாதி, பொறுமைசாலி. பொறுமைசாலி எண்டு கல்லிலை வெட்டி வைச்சிருக்கினம் எண்டால் புருசன் என்ன மாதிரி ஆள் எண்டு நீங்களே யோசியுங்கோ. ஓல்டஸ் பகுதி, டன்மோர் பகுதி, இவ்வளவுதான் ஊர். மற்ற எல்லாரும் வந்தேறியள். எதிர்வீட்டுக் கிழவர் கைக்குழந்தையா இஞ்சை வந்தவர். தடி ஊண்டி நடக்கிறார் இப்ப. அவரை இன்னும் 'வெளியாள்' எண்டுதான் சொல்லுகினம்.

அப்ப என்ரை நிலைமையைச் சொல்ல வேணுமே? ஊர் வரலாற்றுச் சங்கம் எண்டு ஒண்டு இருக்கு. அவை ஒரு புத்தகம் அடிச்சவை. அதிலை என்ரை கடையும் வருது. என்ன போட்டிருக்கு தெரியுமே? 'பழைய தபால் கந்தோர், இன்றும் இயங்குகிறது.' தானா இயங்குதாம் தம்பி. காலமை பேப்பர் தானா வந்து அடுக்குப்படுகுது, பால் தானா ஏறிக் குளிர்ப்பெட்டிக்குள்ளை இருக்குது. நான் இதிலை காத்துமாதிரி.

எந்தப் பகுதி, ஆற்றை பரம்பரை எண்டு பாத்துத்தான் தலையாட்டுவினம். எனக்கு உந்தப் பழக்கம் துண்டறப் பிடிக்காது. மனுசன் எண்டால் மனுசன், அதுக்கென்ன பகுதி? அது சரி, நீங்கள் ஊரிலை எவடம்? அம்மா வலிகாமப் பக்கமோ. ஓ, எங்கடை பக்கம். வலிகாமத்திலை எவடம், எந்தக் கோயிலடி? அப்பாவின்ரை ஆக்கள்? தெரியாதோ. சரி, இஞ்சை வளந்த பிள்ளையளுக்கு என்ன தெரியும். சும்மா அறியத்தான் கேட்டனான்.

வினிஃப்ரெட் ஓல்டஸ். கலியாணம் கட்டாத மனுசி. அந்தச் சங்கத்துக்குத் தலைவி அவதான். ஊரிலை ஆர் ஆருக்கு என்ன முறை எண்டு கேட்டால், எங்கடை கலியாணத் தரகர்மார் கைகட்டி நிக்க வேணும். கடை திறந்த கையோடை வருவா. ஒரு முத்திரை வேண்டுவா, பிறகு மத்தியானம் மட்டும் கதை. என்ரை மனுசி மகேஸ்வரி வருத்தமாக் கிடக்கேக்கை, நான் ஆசுப்பத்திரிக்கு ஓடின நேரமெல்லாம் உந்தக் கவுண்டரிலை நிண்டது அவதான். லொத்தர் மெசினைத் தொட்டால் அது குழறும், சில்லறையும் மாறித்தான் குடுப்பா, ஆனால் நிண்டவ. ஓல்டஸ் வீட்டுச் சீமாட்டி நிண்டு சூப் ரின் விக்கிறா எண்டு ஊர் முழுக்க வந்து பாத்தது.

மகேஸ்வரி போன பிறகு ஒருநாள், நான் கடையைத் திறந்துபோட்டு ஒண்டும் செய்ய மனமில்லாமல் இருக்கிறன். வந்து எனக்கு முன்னாலை நிண்டா. தனக்கும் உரிமையான ஆள் இல்லாமல் இருந்து பழக்கம் எண்டு சொன்னா. அதுவும் கண்ணுக்கு முன்னாலை வைச்சுக்கொண்டு இல்லாமல் இருக்கிற பழக்கம். ஆர் எண்டு கேட்டன். யன்னலுக்காலை காட்டினா. சேர்ச்சடிச் சவக்காலையிலை, கல்லறையளுக்கு நடுவிலை, கொலின் புல்லு வெட்டிக்கொண்டு நிக்கிறார்.

கொலினை நீங்கள் வரேக்கை கண்டிருப்பியள், பச்சைச் சப்பாத்தும் தானுமா. ஓல்டஸ் பெரிய வீட்டுக்கு முன்னுக்கு ஒரு ஒழுங்கை. அதுக்கு அந்தப் பக்கம் பண்ணை வேலை செய்த குடும்பம் ஒண்டு வளத்த பிள்ளை. பெத்தது வினிஃப்ரெட், சின்னப் பெட்டையா இருக்கேக்கை. தகப்பன் ஓல்டஸ் பெரியவர் என்ன செய்தார்? பிள்ளையை ஒழுங்கைக்கு அந்தப் பக்கம் குடுத்தார், மகளை இந்தப் பக்கம் வைச்சுக்கொண்டார். பிரச்சினை முடிஞ்சுது. அதுக்குப் பிறகு ஆயுசு முழுக்க, 'மழை வரும் போலை கிடக்கு மிஸ் ஓல்டஸ்' எண்டு அவர் சொல்லுவார். 'ஓம் கொலின், வரும் போலைதான்' எண்டு அவ சொல்லுவா. தாயும் மகனும் கதைச்சது அவ்வளவுதான். மழை வந்திதோ எண்டாவது கேட்டுதுகளோ தெரியாது.

ரகசியமோ எண்டால், அதுவும் இல்லை. கொலினுக்குத் தெரியும், பாதிரிக்குத் தெரியும், குடிக்கிற கடை நாய்க்கும் தெரியும். சொல்லப்படாது, அவ்வளவுதான். தெரிஞ்சதைத் தெரியாத மாதிரி இருக்கிறதுக்கு இந்தச் சனம் பரம்பரை பரம்பரையாப் பயிற்சி எடுத்திருக்கு. அந்த மனுசி ஊரிலை இருக்கிற எல்லாற்றை வம்சாவளியும் கீறினவ. தன்ரை பெயருக்குக் கீழை மட்டும் ஒரு கோடும் கீறேல்லை.

போன மாசியிலை செத்துப்போனா. எனக்குத் தாங்கேல்லை தம்பி, உள்ளதைச் சொல்லுறன். என்ரை மனுசிக்குச் செய்த உதவிக்கு நான் என்ன செய்யலாம் எண்டு யோசிச்சன். வெள்ளைக்காரன்ரை செத்தவீடு உங்களுக்குத் தெரியும்தானே, அரை மணித்தியாலம், பிறகு ஒரு சான்ட்விச். இதுக்கே இவ்வளவு காலம் வாழ்ந்தவ? அப்பத்தான் முடிவெடுத்தன். எங்கடை முறைப்படி இந்த மனுசிக்கு ஒரு கல்வெட்டு அடிக்கிறது.

உங்களுக்கு விளங்கச் சொல்லுறன். முன்னுக்குப் படம், பிறகு தேவாரம், பிறகு ஊரின்ரை பெருமை பாட்டா, பிறகு வம்சாவளி, கடைசியிலை நன்றி. முப்பத்தோராம் நாள் சாப்பிட வாற சனத்தின்ரை கையிலை குடுக்கிற புத்தகம். தேவாரத்துக்குப் பதிலா அவையின்ரை சங்கீதம் போட்டன். ஊர்ப் பெருமைக்குத்தான் திண்டாடிப் போனன். நெல்லுமில்லை, கரும்புமில்லை, தென்னையுமில்லை, இதிலை என்னத்தைப் பாடுறது? 'சீனிக்கிழங்கு செழிக்கும் வயலும், செம்மறி மேயும் திடலும் சூழ' எண்டு தொடங்கி, சேர்ச் மணிக்கூண்டு சந்திரனிலை முட்டுது எண்டு முடிச்சன். பாதிக்கு மேலை பொய்தான், ஆனால் ஊர்ப்பாட்டுக்கு அது வழக்கம். இங்கிலீசிலையும் தமிழிலையும் போட்டு, லண்டனிலை எங்கடை பெடியன் ஒருத்தன்ரை அச்சகத்திலை வடிவா அடிச்சு எடுத்தன்.

வம்சாவளி எழுதேக்கை எனக்கு ஒரு யோசனையும் வரேல்லை பாருங்கோ. வம்சாவளி எண்டால் வம்சாவளி. பிள்ளை இருந்தால் பிள்ளையைப் போட வேணும். வினிஃப்ரெட் எண்டு எழுதி, கோடு கீறி, கீழை 'மகன்: கொலின்' எண்டு போட்டன்.

ஊர் மண்டபத்திலை சாப்பாடு. எல்லாரும் வந்தவை, சும்மா சாப்பாடு எண்டால் ஓல்டஸும் வரும் டன்மோரும் வரும். வடையைப் பாத்து இது டோனட்டோ எண்டு கேட்டுது ஒரு மனுசி. பாயாசம் பரிமாறின கையோடை புத்தகத்தைக் குடுத்தன். படத்தைப் பாத்து 'லவ்லி' எண்டிச்சினம். பாட்டை வாசிச்சுத் தலையாட்டிச்சினம். பிறகு ஆரோ ஒராள் பக்கத்தைப் பிரட்டினார். பிறகு எல்லாரும் பிரட்டிச்சினம். கரண்டிச் சத்தம் நிண்டு போச்சுது.

நான் நினைச்சன், உருகிப்போச்சினம் எண்டு.

ரொட்னி எழும்பி வந்தார். ரொட்னி ஆரெண்டால், வினிஃப்ரெட்டின்ரை தமையன்ரை மகன். சேர்ச்சிலை பெரிய காரியக்காரர், தகப்பன் பேரன் எல்லாம் அந்த வேலை பாத்தவை எண்டு அவரே தினமும் சொல்லுவார். வந்து, சத்தம் போடாமல், பல்லுக்குள்ளாலை கேட்டார்.

"இதைப் போட உங்களுக்கு ஆர் அனுமதி தந்தது?"

எனக்கு விளங்கவேயில்லை. என்ன பிழை கிடக்கு, எழுத்துப் பிழையோ எண்டு கேட்டன். ஓல்டஸ் குடும்பத்தை ஊர் சிரிக்க வைச்சிட்டன் எண்டார். ஊர் ஏற்கெனவே தெரிஞ்சு வைச்சிருக்கிற விசயத்துக்கு ஊர் ஏன் இப்ப சிரிக்க வேணும் எண்டு கேட்டன். மனுசன்ரை முகம் பீற்றூட் மாதிரி.

கொலின் கடைசி வரிசையிலை இருந்தவர். அந்தப் பக்கத்தை விரிச்சு வைச்சுக்கொண்டு இருந்தார், வாசிக்கிற மாதிரியும் இல்லை, சும்மா பாத்துக்கொண்டு. பிறகு புத்தகத்தைச் சட்டைக்குள்ளை வைச்சு, பொத்தானைப் பூட்டிக்கொண்டு எழும்பிப் போயிட்டார். பாயாசம் தொடேல்லை. நல்ல முந்திரியம்பருப்பு போட்ட பாயாசம்.

அடுத்த நாள் ரொட்னி வீடு வீடாப் போய்ப் புத்தகத்தைத் திருப்பிக் கேட்டவர். ஊர் என்ன செய்தது தெரியுமே? எல்லாரும் என்னைத் திட்டிச்சினம். அசிங்கம், அநாகரிகம், வெளியாளுக்கு இதெல்லாம் என்ன தெரியும் எண்டிச்சினம். ஆனால் ஒராளும் புத்தகத்தைக் குடுக்கேல்லை. 'எங்கை வைச்சன் தெரியேல்லையே ரொட்னி' எண்டிச்சினம். டன்மோர் மனுசி என்னட்டை வந்து தங்கச்சிக்கும் ஒண்டு வேணும் எண்டு காதுக்குள்ளை கேட்டுது.

அதோடை முடிஞ்சுதே? கல்லறைக் கல்லு வந்துது. ரொட்னி என்ன எழுதக் குடுத்தவர் எண்டால், 'பிரியமான மாமி' எண்டு. அதாவது தனக்கு மாமி. மனுசி உயிரோடை இருக்கேக்கை கிறிஸ்மசுக்கு மட்டும் எட்டிப் பாத்த பிரியம். கொலின் பாதிரியிட்டைப் போய் 'தாய்' எண்டு போடலாமோ எண்டு கேட்டிருக்கிறார். அந்த மனுசன் வாய் திறந்து ஒண்டு கேட்டது ஊரிலை அதுதான் முதல்தரம். இஞ்சை இப்ப பொம்பிளைப் பாதிரி, நல்ல பிள்ளை, ஆனால் பயந்த சுபாவம். கூட்டம் போட்டுக் கதைப்பம் எண்டுட்டா.

கூட்டத்துக்கு என்னை ஒருத்தரும் கூப்பிடேல்லை. போனன். ரொட்னி நீட்டி முழக்கினார். குடும்பத்துக்கு ஒரு மரியாதை இருக்காம், பெரியவர் ஒரு முடிவு எடுத்தவராம், அந்த முடிவை மதிக்கிறதுதான் பிள்ளையளுக்கு அழகாம். எனக்கு வந்துதே ஆத்திரம்! எழும்பினன். இங்கிலீசு தானா வந்துது. செத்துப்போன பெரியவரின்ரை வீம்புக்கு உயிரோடை இருக்கிற மனுசனை ஏன் சாக்காட்டுறியள் எண்டு கேட்டன். தாயை மகனிட்டையிருந்து பிரிச்சு வைச்ச முடிவுக்கு என்ன மரியாதை எண்டு கேட்டன்.

கொலின் எழும்பினார். தொப்பியைக் கையிலை பிடிச்சுக்கொண்டு சொன்னார்.

"அவவைச் சுத்தி இனியும் நான்தான் புல்லு வெட்டப் போறன். என்ரை தாயெண்டு எழுதியிருந்தால் நல்லது."

அவ்வளவுதான் சொன்னது. பாதிரிப் பிள்ளை அழுதிட்டா. டன்மோர் மனுசியும் அழுதுது, அது எல்லாத்துக்கும் அழும். 'கொலினின் தாய்' எண்டு கல்லு நட்டாச்சுது. ரொட்னி இப்ப பக்கத்து ஊர்ச் சேர்ச்சுக்குப் போறார், பெற்றோல் செலவழிச்சு. நல்லாப் போகட்டும். பிறகு லண்டன் தமிழ்ப் பேப்பர் ஒண்டிலை என்ரை படம் வந்துது, 'ஆங்கிலக் கிராமத்தில் தமிழர் செய்த புரட்சி' எண்டு. அதைப் பாத்துத்தானே நீங்களும் வந்தனீங்கள்? இல்லையோ, அம்மாதான் வெட்டி வைச்சிருந்தவவோ. பாத்தியளே, வருத்தத்திலையும் வாசிச்சிருக்கிறா. நல்ல எழுத்து ரசனை உள்ள மனுசி போலை.

சரி, இனி உங்கடை வேலை. இந்தாங்கோ, மாதிரிக்குப் பாருங்கோ. இது என்ரை ஐயாவின்ரை கல்வெட்டு. தம்பிமுத்து வாத்தியார் எண்டால் எங்கடை பக்கத்திலை தெரியாத ஆள் இல்லை. நான் எழுதினதுதான். வம்சாவளி எவ்வளவு துப்புரவா வந்திருக்கு பாருங்கோ. மூத்தவர் அண்ணா, கனடாவிலை. பிறகு நான் பரமலிங்கம். பிறகு தம்பி, அவுஸ்திரேலியாவிலை.

என்ன பாக்கிறியள்? ஓ, அந்தக் குடும்பப் படமோ. ஓம், படத்திலை நாலு பிள்ளையள்தான் நிக்குது. அது... அது பழைய படம். ஒரு அக்கா இருந்தவ. இருந்தவ எண்டால், ஒருத்தனோடை போயிட்டா. அவன்ரை பகுதி ஆக்கள் சரியில்லை. நல்ல பெடியன், படிச்சவன், குடியில்லை எண்டு கொஞ்சப் பேர் சொல்லிச்சினம். இருக்கட்டும், ஆர் இல்லையெண்டது? ஆக்கள் சரியில்லை எண்டால் சரியில்லை. ஐயா 'எனக்கு மூண்டு பிள்ளையள்' எண்டு சொல்லிப்போட்டார். ஐயா சொன்னதை நான் அடிச்சன். தகப்பனுக்குப் பிள்ளை குடுக்கிற மரியாதை அது.

ஏன் அப்பிடிப் பாக்கிறியள்? இது வேறை, கொலின்ரை கதை வேறை. ரெண்டையும் போட்டுக் குழப்பாதேங்கோ தம்பி. வெள்ளைக்காரன் மறைக்கிறது வெக்கத்துக்கு. நாங்கள் விடுறது மானத்துக்கு. உங்களுக்கு இதுகள் விளங்காது, இஞ்சத்தை வளர்ப்பு. சின்னனிலை என்னை இடுப்பிலை காவிக்கொண்டு திரிஞ்சவதான், பள்ளிக்கூடத்துக்குக் கையிலை பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போனவதான். எனக்கு உடம்பெல்லாம் அம்மை போட்ட நேரம் பக்கத்தை விட்டு எழும்பேல்லை. அதெல்லாம் முடிஞ்ச கதை. எங்கை இருக்கிறாவோ, பாரிசிலை எண்டு ஆரோ சொன்னவை. நான் விசாரிக்கேல்லை.

விடுங்கோ. அம்மாவின்ரை பெயரைச் சொல்லுங்கோ, எழுதுவம்.

என்ன பெயர்?

திருப்பிச் சொல்லுங்கோ.

சிவயோகம். தம்பிமுத்து சிவயோகம்.

பொறுங்கோ, கடைக்கு ஆள் வந்திருக்கு. குட் மோர்னிங், முத்திரையோ? எத்தினை? இந்தாங்கோ. இல்லை இல்லை, மிச்சம் வேண்டாம், போங்கோ. ஓம், மழை வரும் போலைதான்.

எப்ப... எந்தக் கிழமை? லெஸ்ரரிலையோ இருந்தவ? இவ்வளவு காலமும் லெஸ்ரரிலையோ? நான் இஞ்சை எண்டு தெரியுமோ அவவுக்கு? ஓ. தெரியுமாம். பேப்பரிலை பாத்து. உன்னைக் கொண்டு வாசிப்பிச்சவவோ? என்ன சொன்னவ, வாசிக்கக் கேட்டுப்போட்டு? சிரிச்சவவோ.

நோவு கிடந்ததோ கனக்க? சாப்பிட்டவவோ? என்ரை கடவுளே.

நீ கேட்டுப்போட்டுப் போக வந்தனியோ, என்னை? கேக்கத் தேவையில்லை எண்டு நான் முதலே சொன்னனான் எல்லோ. சொன்னன்தானே. கேக்கத் தேவையில்லை. கொண்டா பாப்பம், என்னத்தை எழுதி வைச்சிருக்கிறாய். என்ரை கண்ணாடி எங்கை... விடு, நீயே வாசி. என்ரை இடத்தை மட்டும் வாசி.

'அன்புச் சகோதரன் பரமலிங்கம்.'

உந்த 'அன்பு' ஆர் போட்டது? நீயோ? கொம்மாவோ? கொம்மாவே சொல்லிப் போடுவிச்சவ?

பேனையை எடு. பெயர் கிடக்கட்டும், பெயரிலை கை வைக்காதை. அந்த 'அன்பு' எண்டதை மட்டும் வெட்டிவிடு, மருமோன். வாசிக்கிற சனம் சிரிக்கும்.